பங்குனியில் ஒரு சுற்று

கம்பை மகள் ஹெப்சியின் கையில் கொடுத்துவிட்டு பியூலா டீச்சர் சுண்ணாம்புக் கோட்டில் வந்து நின்றாள். தலைக்கு மேல் வேம்பு பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தது. போடட்டும், பங்குனி பிறந்து பத்து நாளாயிற்று, இப்போது உதிர்க்காமல் எப்போது உதிர்க்கும். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் படித்து முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதியவளுக்குக் காலண்டர் எதற்கு, வாகை நெற்று குலுங்கினால் விளையாட்டு விழா, வேம்பு கொட்டினால் பரீட்சை, மயிற்கொன்றை சிவந்தால் லீவு, நாலு நாள் முன்னே பின்னே ஆகலாம், நாற்பது நாள் ஆகாது. ஒரு சுற்று நானூறு மீட்டர். கம்பில்லாமல், யார் கையையும் பிடிக்காமல், வழியில் எங்கும் உட்காராமல் ஒரு சுற்று நடந்து இதே கோட்டுக்கு வந்துவிட்டால் அவள் தன் வீட்டில் தனியாகவே இருந்துகொள்ளலாம், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. உட்கார்ந்துவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு இன்று சாயங்கால ரயிலில் மகளோடு ஓசூருக்குப் போக வேண்டும். நேற்று மத்தியானம் சாப்பிடும்போது ஹெப்சி போட்ட பந்தயம் இது. அவள் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் சரி என்றுவிட்டாள், பந்தயம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவாள், அறுபத்து நாலு வயதாகியும் அந்தப் புத்தி போகவில்லை. டீச்சருக்குத் தலைக்கனம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருந்தால் என்ன, தலை இருக்கிறது, கனக்கிறது.

"வலிச்சா நின்னுருங்கம்மா. ரோஷத்துக்கு நடக்காதிய," என்றாள் ஹெப்சி.

"ரோஷத்துக்கு நடக்காம பின்ன எதுக்குட்டி நடப்பாவ? நீ போய்ப் படியில உக்காரு."

வலது காலை எடுத்து வைத்தாள். புதுக்கால். கால் புதிதல்ல, முட்டிதான் புதிது, ஐப்பசியில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் பழைய முட்டியை அறுத்தெடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றைப் பொருத்தினார்கள், என்ன உலோகம் என்று டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தாள், பெயர் மறந்துபோயிற்று, துருப்பிடிக்காது என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. இடது, வலது, இடது, வலது. எத்தனை ஆயிரம் பிள்ளைகளை இப்படிச் சொல்லி நடக்கவைத்திருக்கிறாள், இப்போது தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வாய்விட்டுச் சொல்லக் கூடாது, ஹெப்சிக்குக் கேட்டுவிடும். முட்டிக்குள் ஒரு சூடு இருந்தது, வலி என்று சொல்ல முடியாது, அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல்லில் மிஞ்சும் சூடு மாதிரி, அது இருந்துவிட்டுப் போகட்டும். விழுந்தால் என்ன ஆகும் என்ற நினைப்புதான் ஆகாது. விழுந்தவள்தானே. புரட்டாசியில் குளியலறையில் விழுந்து மூன்று மணி நேரம் கிடந்தாள், பால்காரி வந்து தட்டிப் பார்த்து, பதிலில்லாமல், கொல்லைப் பக்கம் சுற்றி வந்து ஆளைக் கூட்டும் வரைக்கும் ஈரத் தரையில் கன்னம் பதிய, வாளியின் அடியில் பாசி பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கத்தியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்கு நிச்சயம் கேட்டிருக்கும், மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்ட தொண்டை இது. ஏம்மா கத்தல, ஏம்மா கத்தல என்று ஹெப்சி பத்துத் தடவை கேட்டுவிட்டாள், உடுப்பு சரியாக இல்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். உண்மை அதுவல்ல. கத்தினால் விழுந்தவள் ஆகிவிடுவாள், கத்தாதவரைக்கும் சும்மா படுத்திருக்கிறவள்தான். இதை மகளிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் சிரிப்பாள், சிரிக்க மாட்டாள், அவளுக்குப் புரிந்துவிடும், அதுதான் சங்கடம். கேட்டு வாங்குகிற வாய் இந்த வீட்டில் யாருக்கும் கிடையாது, புருஷன் ஞானராஜுக்கு இருந்தது, பாவம், மனுஷன் மின்வாரிய ஆபீசில் எல்லாரிடமும் சிரித்துக் கேட்டே காரியம் முடித்துவிடுவார், அவர் போய் ஆறு வருஷமாயிற்று, அந்த வாயும் அவரோடு போயிற்று. இடது, வலது.

முதல் திருப்பத்தில் வாகை நின்றது. ஒரு இலை இல்லை. மொட்டை மரம் முழுக்க வெளிறிய நெற்றுகள், முற்றிக் காய்ந்த காய்கள், காற்று வந்தால் போதும், அத்தனையும் ஒரே நேரத்தில் சலசலக்கும், மாசியில் இன்னும் பலமாகக் கேட்கும், இப்போது பாதி விழுந்துவிட்டது, விழுந்தது காலில் நொறுங்கியது, வழுக்கிவிடாமல் போக வேண்டும். திருப்பத்தில் வலது காலுக்குத்தான் வேலை அதிகம், இடப்பக்கமாகவே சுற்றுகிற ஓட்டத்தில் வெளிக்கால் தள்ளிக்கொடுத்தால்தான் உடம்பு வளையும், முப்பத்திரண்டு வருஷமாக இதைச் சொல்லிக்கொடுத்தவளின் வலது முட்டி முதலில் தேய்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. முடிவுக்கோடு அந்தக் காலத்தில் இங்கேதான் இருந்தது, இந்த வாகைக்குக் கீழே. வேம்படிக்கு மாற்றியது அவள் டீச்சராக வந்த பிறகு. ஒரு மேசை போட்டு தனுஷ்கோடி சார் உட்கார்ந்திருப்பார், டிரில் மாஸ்டர், காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில், மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதுதான் மணி. நீண்ட ஓட்டத்துக்குச் சுற்று எண்ண அவருக்கு ஒரு வழி உண்டு, பென்சில் பேப்பர் கிடையாது, முதலில் வருகிற பிள்ளை கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒரு வாகை நெற்றைப் பொறுக்கி மேசையில் வைப்பார். ஆயிரத்தைந்நூறு மீட்டருக்குக் கோட்டை நாலு தடவை தாண்ட வேண்டும், மேசையில் மூன்று நெற்று சேர்ந்துவிட்டால் கடைசிச் சுற்று, மணியடிப்பார். முப்பது வருஷமாகத் தவறாத கணக்கு அது, மாவட்டப் போட்டி நடந்த அந்த மாசி மாதத்து மத்தியானம் வரைக்கும்.

பியூலாவுக்கு அப்போது பதினாறு வயது. அம்மா தைத்துக்கொடுத்த முட்டிவரைக்குமான நீலக் காற்சட்டை, அதைப் போடலாமா கூடாதா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்து, கடைசியில் அப்பா எதுவும் பேசாமல் கோயிலுக்குப் போய்விட்டார், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போட்டு வந்தாள். பக்கத்தில் வெள்ளத்தாயி. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, செருப்பில்லாமல் ஓடுவாள், மூச்சே வாங்க மாட்டாள், உண்மையைச் சொன்னால் பியூலாவைவிட நல்ல ஓட்டக்காரி, இதை டீச்சர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம் சொல்லிக்கொள்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை கோட்டைத் தாண்டும்போது மணி அடித்தது. காற்றில் ஒரு நெற்று தானாக உதிர்ந்து மேசையில் விழுந்திருக்கிறது, சார் அதையும் தன் கணக்கில் சேர்த்துவிட்டார், மரம் வைத்தது எது, தான் வைத்தது எது என்று அவர் எப்படிக் கண்டார். மணியைக் கேட்டதும் எல்லாரும் உயிரைக் கொடுத்து ஓடினார்கள், வெள்ளத்தாயி பறந்தாள், இருபது கெஜம் முன்னால் போய்க் கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்து சிரித்தாள், பின்னால் வந்தவர்களெல்லாம் தொப்புத் தொப்பென்று உட்கார்ந்தார்கள். அப்போதுதான் எதிர்ப்பக்கத்து நடுவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார், தனுஷ்கோடி சார் மேசையைப் பார்த்தார், நெற்றுகளைப் பார்த்தார், முகம் வெளுத்துப் போய், "இன்னும் ஒரு சுத்து இருக்கு பிள்ளையளா, எந்திரிங்க, ஓடுங்க" என்று கத்தினார். உட்கார்ந்தவர்கள் ஒருவராலும் முடியவில்லை. பியூலா உட்காரவில்லை. கோட்டைத் தாண்டியவள் நிற்கக்கூட இல்லை, அப்படியே போனாள், ஆளில்லாத மைதானத்தில் தன்னந்தனியாக ஒரு முழுச் சுற்று, சுற்றி நின்ற சனமெல்லாம் கைதட்டியது. அந்தக் கோப்பைதான் உடற்பயிற்சிக் கல்லூரியில் இடம் வாங்கிக்கொடுத்தது, அந்தப் படிப்புதான் வேலை, அந்த வேலைதான் இந்த மைதானம், மாநிலப் போட்டிக்குப் போன பதினாலு பெண்கள், தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருக்கிற போட்டோ, எல்லாம் ஒரு நெற்று விழுந்த இடத்தில் ஆரம்பித்தது. உட்காராதவள் என்று பெயர். அசெம்பிளியில்கூட டீச்சர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

திருப்பம் முடிந்தது. நூறு மீட்டர். முட்டியில் சூடு கொஞ்சம் ஏறியிருந்தது, ஏறட்டும், இனி நேர்வழி, இரண்டு பக்கமும் புங்கை. அடேயப்பா, போன வாரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது பார்த்தாள், குச்சிகுச்சியாக நின்றன, ஒரு வாரத்தில் இப்படியா, இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்குகிறது, வெயில் அதன் வழியாக இறங்கித் தரையெல்லாம் பச்சையாகக் கிடக்கிறது. இந்தப் புங்கைக்கு மட்டும் துக்கம் கொண்டாடத் தெரியாது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு எட்டாம் நாளே புதுச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். இதற்குக் கீழேதான் அவளும் வெள்ளத்தாயியும் பரீட்சைக்குப் படிப்பார்கள், படிப்பது என்று பேர், வெள்ளத்தாயி சரித்திரப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வாள், பியூலா சத்தம்போட்டு வாசிப்பாள், பரீட்சையில் இரண்டு பேருக்கும் ஒரே மார்க்கு வரும். அது எப்படி என்று இன்று வரைக்கும் விளங்கவில்லை.

"டீச்சர்! கம்பு எங்க டீச்சர்?" பின்னாலிருந்து முப்பிடாதி. டீச்சரிடம் குண்டு எறிந்து பழகிய பிள்ளை, இப்போது ஐம்பது வயதாகிறது, தினமும் ஐந்து சுற்று நடக்கிறாள், நடக்கிற வேகத்தில் பேச்சும் குறையாது. "இந்தாங்க, கையப் பிடிச்சிக்கிடுங்க."

"தொட்டன்னா தோத்துருவேன். போட்டி நடக்கு, தள்ளிப் போ."

"யாருகூட டீச்சர்?"

"எம் மவகூட."

"அவ படியில உக்காந்துல்லா இருக்கா," என்று முப்பிடாதி சிரித்துக்கொண்டே தாண்டிப் போனாள். குண்டு எறிகிறவளுக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும். உட்கார்ந்துகொண்டே ஓடுகிற ஓட்டமும் உண்டு. இடது, வலது. மூச்சு சீராக இருக்கிறது, நெஞ்சில் ஒன்றும் இல்லை, முட்டி மட்டும்தான், முட்டி மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள், நடுவில் முப்பிடாதி வந்து கெடுத்துவிட்டாள், ஆமாம், அந்த மணி. எப்போதும் இங்கே வந்துதான் இடறும். அன்றைக்கு மணி அடித்தபோது அது தப்பு என்று மைதானத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். பியூலா எண்ணிக்கொண்டுதான் ஓடினாள், கோட்டைத் தாண்டும்போதெல்லாம் இடது கையில் ஒரு விரலை மடக்குவாள், மணி அடித்தபோது மடங்கியிருந்தது இரண்டு விரல். தோளோடு தோளாக வெள்ளத்தாயி ஓடிக்கொண்டிருந்தாள், ஏட்டி இன்னும் ரெண்டு சுத்து இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு மூச்சு வேண்டும். சொல்லவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதில் தப்பு என்ன, தன் சுற்றைத் தான் எண்ணுவது ஓடுகிறவளின் வேலை, இதைத்தான் முப்பத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொன்னாள், மணியை நம்பாதே, உன் விரலை நம்பு. சரிதான். சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் புல்லில் கிடந்த வெள்ளத்தாயி கையை ஊன்றிப் பாதி எழுந்து, தன்னைத் தாண்டிப் போகிறவளை ஒரு பார்வை பார்த்தாளே, அது நாற்பத்தெட்டு வருஷமாக அதே இடத்தில் நிற்கிறது. முப்பது வருஷம் கழித்து சுரண்டை பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தாள், இடுப்பில் பேரப்பிள்ளை, வெற்றிலைச் சிவப்பில் வாய். எடுத்த எடுப்பில், "நீ எண்ணிக்கிட்டுத்தான ஓடுன?" என்றாள். பியூலா டீச்சர் பொய் சொல்லவில்லை, அதில் அவளுக்கு இன்றும் பெருமை உண்டு, ஆமா என்றாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. நான் எண்ணிருந்தாலும் ஒனக்குச் சொல்லிருக்க மாட்டேன் பாத்துக்கோ" என்று வெள்ளத்தாயி பஸ் ஸ்டாண்டு அதிரச் சிரித்தாள், பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். மன்னித்தாளா, கிண்டல் செய்தாளா, இரண்டும்தானா. அவள் சொல்லியிருப்பாள் என்றுதான் டீச்சருக்குத் தோன்றும், நிச்சயம் சொல்லியிருப்பாள், இரண்டு சுற்றையும் சேர்ந்து ஓடி அதன் பிறகு இருபது கெஜம் முன்னால் போயிருப்பாள்.

இரண்டாவது திருப்பத்தில் கால் சொல்லைக் கேட்க மறுத்தது. முட்டிக்குள் இருந்த சூடு பின்தொடைக்கு ஏறி இடுப்பில் ஒரு கொக்கியை மாட்டி இழுத்தது, டீச்சர் நின்றாள், நிற்பதில் தப்பில்லை, பந்தயத்தில் நிற்கக் கூடாது என்று இல்லை. இலவ மரத்தடியில் சிமெண்டு பெஞ்சு ஒன்று கிடந்தது, யாரோ நல்ல ஆத்மா கட்டிப்போட்டது, நாசமாய்ப் போக, இங்கேதானா கட்ட வேண்டும். பெஞ்சைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தாள். மொட்டைக் கிளைகளில் காய்கள் வெடித்துத் தொங்கின, பஞ்சு காற்றில் கழன்று கழன்று அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பஞ்சைப் பொறுக்கித்தான் வெள்ளத்தாயியின் கல்யாணத்துக்கு பியூலா ஒரு தலையணை தைத்தாள், இரண்டு பங்குனிப் பஞ்சு, பாதி வெள்ளத்தாயியே பொறுக்கியது, தனக்குத்தான் பொறுக்குகிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது. தலையணை. நேற்று ஹெப்சி தன் அறையில் படுக்காமல் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏசி இல்லாம எனக்கு முடியல, ஒங்க ரூம்லதான் காத்து வருது என்று பக்கத்தில் படுத்தாள். இரண்டு அறைக்கும் ஒரே காற்றுதான். அது மட்டுமா, வந்ததிலிருந்து வீட்டில் எல்லா அறையிலும் லைட்டைப் போடுகிறாள், டிவியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் சமையலறையில் நிற்கிறாள், ஏட்டி கரண்டு பில்லு என்று டீச்சர் அணைத்துக்கொண்டே பின்னால் போனாள். யார் செய்வார்கள் இதை. ஞானராஜ் போன பிறகு ஒரு வருஷம் டீச்சர் இதைத்தான் செய்தாள், ஆளில்லாத அறையில் வெளிச்சமாவது இருக்கட்டும் என்று போட்டு வைப்பாள், தனியாக இருந்து பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிகிற புத்தி அது. புருஷன் செல்வினோடு இருக்கிறவளுக்கு எப்படி வந்தது. செல்வினுக்கு டூட்டி, செல்வினுக்கு மீட்டிங், செல்வின் தூங்குதாரு, கிறிஸ்துமசுக்கும் அப்படித்தான், பொங்கல் லீவுக்கும் அப்படித்தான், அவன் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று. நேற்றுத் தோசை ஐந்து தின்றாள், இன்னொருத்தர் சுட்டுப்போட்டுத் தின்னு ரொம்ப நாளாச்சும்மா என்றாள், டீச்சர் அதைத் தன் தோசைக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட் என்று எடுத்துக்கொண்டாள். மண்டு. ஊருக்கெல்லாம் சுற்று எண்ணுகிறவள், தன் மகளுடைய கணக்கை எண்ணவில்லை. அம்மாவுக்கு ஆள் வேண்டும் என்று வரவில்லை அவள். தனக்கு ஆள் வேண்டும் என்று வந்திருக்கிறாள். வாங்கம்மா, எங்கூட இருங்க என்று கேட்க வாய் வராமல் ஒரு பந்தயத்தைப் போட்டிருக்கிறாள்.

பெஞ்சு அங்கேயே கிடந்தது. உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. முட்டியும் ஆறும், மகளும் ஜெயித்துவிடுவாள், யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், சாயங்காலம் ரயில். இரண்டு அடி வைத்தால் பெஞ்சு. டீச்சர் ஒரு கணம் நிஜமாகவே அதை நினைத்தாள், பிள்ளைக்காகத் தோற்காத அம்மா உண்டா, தாயக்கட்டையில் எத்தனை தடவை ஹெப்சிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள், அது இருக்கட்டும், அப்போது ஹெப்சிக்கு ஆறு வயது. இப்போது தோற்றுப்போனால் என்ன ஆகும் என்று பார், காலில்லாத கிழவியைக் கூட்டிப் போகிறவளாக ஹெப்சி ரயில் ஏறுவாள், பாத்ரூமில் கைப்பிடி வைப்பாள், வாக்கர் வாங்குவாள், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆபீசில் சொல்லுவாள், அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழாமலே காலம் தள்ளிவிடுவாள். அப்படிப் போய்ப் படுத்துக்கிடந்து யாருக்கு என்ன பிரயோஜனம். சாய்ந்துகொள்ள வருகிறவளுக்கு நிற்கிற ஆள் அல்லவா வேண்டும். டீச்சர் வலது காலை எடுத்தாள், வைத்தாள், கொக்கி இழுத்தது, இழுத்துக்கொண்டே வா என்று அதையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். தலையில் ஒரு துண்டு பஞ்சு ஒட்டியிருந்தது, தட்டிவிடக் கையைத் தூக்கினால் நிலை தவறும், இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசி நூறு மீட்டர் மயிற்கொன்றை. கறுத்த காய்கள் தொங்கும் வெறும் கிளைகள், வைகாசியில் வந்து பார், கண் கூசும். இடது, வலது. பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய், கீழே மேடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை, கண்ணில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி முன்னால் நீலக் காற்சட்டையில் போய்க்கொண்டிருந்தாள், போகட்டும், அவளுக்கு என்ன, முட்டி சொந்த முட்டி, நான் ஐந்து மாதத்து முட்டியை வைத்துக்கொண்டு வருகிறேன், இரண்டில் எது பெரிது என்று அவளையே கேட்டுப் பார். ஐம்பது மீட்டர். படியில் உட்கார்ந்திருந்த ஹெப்சி எழுந்துவிட்டாள். கம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள், முகத்தில் சந்தோஷமும் இல்லை, ஏமாற்றம் என்றும் காட்டிக்கொள்ளவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மா வருவதையே பார்க்கிறாள், தோற்கிறவள் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நேராக நிற்கிறாள். என் பிள்ளை என்று டீச்சருக்கு நெஞ்சு விம்மியது. எங்கே கற்றாள் இதை, நான் சொல்லிக்கொடுக்கவே இல்லையே. இருபது. பத்து. முப்பிடாதியும் இன்னும் இரண்டு பேரும் நடப்பதை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். டீச்சர் கோட்டை மிதிக்காமல் சரியாகத் தாண்டிக் காலை வைத்தாள்.

"ஜெயிச்சிட்டிய," என்று ஹெப்சி கம்பை நீட்டினாள். சிரிக்கத்தான் பார்த்தாள். "மாத்திர எல்லாம் டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். சாயந்திரம் நான் கெளம்புதேன்."

"யாருட்டி ஜெயிச்சா?"

"நீங்கதாம்மா."

"எனக்குக் கேக்கல."

"நீங்கதான், நீங்கதான். போதுமா?"

"அப்பம் நான் எங்க இருக்கணும்ங்கது யாரு இஷ்டம்?"

"ஒங்க இஷ்டம்."

"எனக்கும் சேத்து டிக்கெட் போடு."

ஹெப்சி நீட்டிய கம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "போன வாரமே ரெண்டாத்தான் போட்டேன்," என்றாள்.

"தோத்திருந்தா வந்திருக்க மாட்டேன் பாத்துக்கோ. ஏதாவது சாக்குச் சொல்லி இங்கனயே கெடந்திருப்பேன். நீ கூட்டிட்டுப் போவாண்டாம், நானா வாரேன்." டீச்சர் மூச்சை இழுத்துக்கொண்டாள். கேட்கிற வாய் இந்த வீட்டில் இல்லை என்றால் இன்றைக்கு வந்தாக வேண்டும். "செல்வின் ஒன்ன விட்டுட்டு எப்பம் போனான்?"

ஹெப்சியின் முகம் அப்படியே இருந்தது. "ஐப்பசியில," என்றாள். "ஒங்க ஆப்பரேசனுக்கு மொத நாளு."

பன்னிரண்டு நாள். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தாள், கஞ்சி ஊட்டினாள், பெட்பேன் வைத்தாள், பக்கத்துக் கட்டில்காரிகளையெல்லாம் சிரிக்க வைத்தாள், காலை மடக்குங்கம்மா, இன்னும் பத்து டிகிரி, பயப்படாதிய என்று அதட்டி அதட்டி இந்தக் காலை நடக்கவைத்தவள் அவள்தான். ஒரு சொல் சொல்லவில்லை. கோபம் வந்தது டீச்சருக்கு, அடிக்கலாம் போல வந்தது, அதற்கு மேலே ஒரு பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. மெதுவாகத் திரும்பி, முட்டியைக் கையால் தாங்கி, ஊர் பார்க்கப் படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தட்டிக் காட்டினாள்.

"நின்னது போதும்ட்டி. உக்காரு."

ஹெப்சி உட்கார்ந்தாள். முதலில் கம்பைத்தான் சரியாக ஓரத்தில் சாய்த்து வைத்தாள், அதன் பிறகு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துச் சத்தமாக, மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி அழுதாள். முப்பிடாதி பார்த்தாள், வாக்கிங் வந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று டீச்சர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள்.